மோகனசுந்தரத்துக்குத் தேவை மாத்திரைதான்!

‘காந்தா...’ என்று இழுக்கும் கரகரத்த குரலைக் கேட்டாலே எம்.ஆர்.ராதாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும். 1954-ல் வெளியான ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில், சீமையிலிருந்து திரும்பிய மோகனசுந்தரம் பெற்ற தாயை அவமதித்து, மனைவியைத் தவிக்கவிட்டு, காந்தாவிடம் சொத்தை இழக்கிறான். தொழுநோய் முகத்தைச் சிதைத்த பிறகே மனம் திருந்துகிறான்.

நோய் வந்து வாழ்க்கை மாறும் கதை கடலூர், சிதம்பரம் பக்கத்துக்குப் புதிதல்ல. திருப்பாதிரிப்புலியூரில் சமணத் தலைவராக இருந்த தருமசேனர், சூலை நோயால் துடித்து, திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்ததால்தான் நமக்கு அப்பர் கிடைத்தார். சிதம்பரம் சிவகங்கைக் குளத்தில் மூழ்கி எழுந்த சிங்கவர்மன், உடல்நோய் நீங்கி இரணியவர்மன் ஆனதாகத் தலபுராணம் சொல்கிறது.

ஆனால், ‘செய்த பாவத்துக்கு வந்த நோய்’ என்று படம் வலுப்படுத்திய எண்ணம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தொழுநோய் தண்டனை அல்ல. தகாத உறவால் வருவதும் அல்ல. அது கிருமியின் வேலை என்று 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். உணர்ச்சியில்லாத தேமலைப் பார்த்ததுமே போய்விட்டால், முகமும் விரல்களும் பாழாகாமல் காப்பாற்றலாம்.

ராதாவின் நடிப்பை இன்னொரு முறை ரசியுங்கள். தேமலை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கும் உறவினர் யாராவது இருந்தால், பாவக்கணக்குப் பார்க்காமல் கையோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.