அறைக்கு நாலு முட்டை

படாளம் கூட்டு ரோட்டில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததுமே தம்பி ஆரம்பித்தான். “அண்ணே, கொல்லையில வச்ச தேனீப் பெட்டியில அறைக்கு நாலு முட்டை கெடக்குது. ராணி நல்லா முட்ட போடுதுன்னுதானே அர்த்தம்?” ஆலைக்குக் கரும்பேற்றிய டிராக்டர் கடந்து போகட்டும் என்று காத்திருந்து சொன்னேன்: “இல்லப்பா. ராணியே இல்லைன்னு அர்த்தம்.”

ராணி பெரும்பாலும் அறைக்கு ஒரு முட்டைதான் வைக்கும். வயிறு நீளம் என்பதால் அடித்தரையில், நடுவாக வைக்கும். சுவரில் ஒட்டி, இரண்டும் நாலுமாகக் கிடப்பவை பணித்தேனீக்கள் இட்டவை. அவற்றுக்கு வயிறு அடிவரை எட்டாது.

பணித்தேனீயை மலடு என்று நினைத்துவிடுகிறோம். அதுவும் பெண்தான், சூலகம் உண்டு. ஆணோடு சேர மட்டும் முடியாது. தேனீயில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆக, பணித்தேனீ பெறுவதெல்லாம் ஆண் பிள்ளைகள். ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது என்பதை 1845இல் முதலில் சொன்னவர் சிலீசியாவின் பாதிரியார் யான் ஜெர்ஜோன்.

“அப்போ ராணி இருக்கும்போது ஏன் போடறதில்ல?” ராணியின் வாசனையும் புழுக்களின் வாசனையும் சூலகத்தை அடக்கிவைக்கின்றன. அப்படியும் நம் அடுக்குத் தேனீயில், ராணி இருக்கும் கூட்டிலேயே, நூற்றில் ஒன்று முதல் ஐந்து பணித்தேனீக்களுக்குச் சூலகம் விழித்திருக்கும். அவை முட்டையும் இடும். கூடப்பிறந்தவளே வந்து அதைத் தின்றுவிடுவாள்.

கேட்கக் கொடுமையாக இருக்கும். உறவுக் கணக்கைப் பார்த்தால் புரியும். ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. அதனால் கூட்டில் பெரும்பாலான சகோதரிகளுக்குத் தாய் ஒன்று, தகப்பன் வேறு. ஒரு பணித்தேனீக்குத் தன் மகனிடம் பாதிப் பங்கு ரத்தம். ராணி பெற்ற தம்பியிடம் கால் பங்கு. வேறு தகப்பனுக்குப் பிறந்த அக்காளின் மகனிடம் அரைக்கால்தான். அக்காள் மகனைவிடத் தம்பி நெருக்கம். எனவே அம்மா இட்டதை வளர்க்கிறாள், அக்காள் இட்டதை அழிக்கிறாள். 1989இல் ஆய்வாளர்கள் ராட்னீக்ஸும் விஷரும் இரு வகை முட்டைகளையும் இத்தாலியத் தேனீயின் இனத்தைச் சேர்ந்த கூடுகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் பணித்தேனீ முட்டைகள் ஏறக்குறைய முழுக்கக் காலி. ராணியுடையவை நிறையத் தப்பின. ராணி அதிகாரம் செய்கிறது என்றே சின்ன வயதில் படித்தோம். காவல் காப்பது கூட்டமே என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

ராணி செத்து, புது ராணி வளர்க்க இளம்புழுவும் இல்லாமல் போனால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். இத்தாலியத் தேனீயைவிட நம் தேனீ சீக்கிரமே முட்டையில் இறங்கிவிடும். பிறப்பதெல்லாம் ஆண், ஆண் தேன் சேர்க்காது. இருக்கிற பணித்தேனீக்கள் வயதாகிச் சாகச் சாகப் பெட்டி காலியாகும்.

“இன்னிக்கே திறந்து பாரு. பணித்தேனீ அறைகள்ல அங்கங்க கூம்பு மூடி போட்டு, நுனியில ஊசித்துளை இருந்தா அது ஆண் புழு. நல்ல பெட்டியிலிருந்து புதுமுட்டை உள்ள சட்டம் ஒண்ணு எடுத்து நடுவுல வை. அதுல ராணி அறை கட்டலேன்னா, பலமான கூட்டத்தோட சேர்த்துடு. புது ராணிய மட்டும் அப்படியே உள்ள விட்டுடாதே, கொன்னுடும்.”

தம்பி பாதி டீயை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.