இரண்டே வருஷம்... கடை கட்டியாச்சு!

வாஷிங்டனில் 1984-ல் நாலு இளைஞர்கள் ஆரம்பித்த இசைக்குழு 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்'. அப்போது அங்கே ஹார்ட்கோர் கச்சேரி என்றால் பல சமயம் கூட்டத்தில் அடிதடிதான். இவர்களுடைய பாடகர் கை பிச்சியோட்டோ ஊரைத் திட்டாமல், தன் மனசின் வலியைக் கத்தினார்.

நான் பாட்டைப் போட்டதும், "யாரை அடிக்கிறாங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது... கோபமில்லை சார், அழுகை!

உணர்ச்சிவசப்பட்டு மேடையிலேயே கிடாரை உடைப்பார்கள். புதுசு வாங்கக் காசு? கச்சேரிகளே குறைச்சல். 1985-ல் ஒரே ஒரு ஆல்பம். 1986-ல் பிரிந்துவிட்டார்கள்.

பிச்சியோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கேன்ட்டியும் பிறகு 'ஃபுகாஸி'யில் பெயர் வாங்கினார்கள். 'ஈமோ' இசைக்கு இவர்கள்தான் தாத்தா என்கிறார்கள் ரசிகர்கள். பிச்சியோட்டோவோ அந்தப் பட்டத்தை ஏற்கவேயில்லை!

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போவதும் ஒரு கௌரவம்தானே?