கடைசிச் சைக்கிளும் வந்து சேர்ந்ததா?

இந்த நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டால் நம்மவர்கள் தவறாமல் மூன்று வேலைகள் செய்வோம். பூங்காவில் சிக்கன் சுடுவோம். குளோபல் வில்லேஜ் போவோம். "அடுத்த வாரத்திலிருந்து கண்டிப்பாக நடக்கப் போகிறேன்" என்று சொல்வோம். சென்ற குளிர்காலத்தில் எங்களில் ஆறு பேர் நான்காவதாக ஒரு வேலையும் செய்தோம். ஹத்தாவில் நடந்த ஒரு சிறிய மலைச் சைக்கிள் பந்தயத்துக்குத் தொண்டர்களாகப் போய் நின்றோம். அங்கே கற்றுக்கொண்டதை இந்த மாத ஆரோக்கியப் பக்கத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஹத்தா துபாயைச் சேர்ந்ததுதான். ஆனால் நகரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ஓமன் எல்லையை ஒட்டி, ஹஜர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அணைக்கட்டையும் படகுச் சவாரியையும் பார்க்கக் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். அதே மலைகளில் மலைச் சைக்கிளுக்கென்றே 50 கிலோமீட்டர் அளவில் ஒற்றையடிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், டயருக்கடியில் உருளும் கல். பார்க்கும்போதே நமக்கு முழங்கால் வலிக்கும்!

இரண்டு கடிகாரத்தில் தொடங்கிய விளையாட்டு

மலைச் சைக்கிள் பந்தயம் பெரிய நிறுவனங்கள் உருவாக்கிய விளையாட்டு அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற மலைப்பகுதி இளைஞர்கள், பழைய தடித்த டயர் சைக்கிள்களைச் சரிசெய்து, மண்பாதையில் சரிந்து இறங்கிப் போட்டி போட்டார்கள். முதல் போட்டி 1976 அக்டோபரில் நடந்தது. அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பிரேக் சூடேறி, சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. சார்லி கெல்லி என்பவர் போட்டியாளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டார். மேலே ஒரு கடிகாரம், கீழே ஒரு கடிகாரம். அவ்வளவுதான் ஏற்பாடு! 1996 அட்லாண்டாவில் இதே விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆனாலும் சின்னப் பந்தயங்கள் இன்றும் பட்டியலும் பேனாவும் பிடித்து நிற்கும் தொண்டர்களை நம்பியே நடக்கின்றன.

தொண்டருக்கு என்ன வேலை?

முந்தின நாள் மாலையே வேலை ஆரம்பம். பாதை பிரியும் இடங்களில் ரிப்பன் கட்ட வேண்டும், அம்புக்குறி வைக்க வேண்டும். எந்த வளைவில் மொபைல் சிக்னல் கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பவருக்கு வாக்கி டாக்கி. ஆம்புலன்ஸ் எதுவரை ஏறி வரும், அதற்கு மேல் ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதையும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். மழை அறிவிப்பு இருந்தால் பேச்சே இல்லை, பந்தயத்தைத் தள்ளிவைப்பதுதான் சரி. காய்ந்து கிடக்கும் வாதியில் எப்போது வெள்ளம் வரும் என்று சொல்ல முடியாது.

பந்தய நாளில் சிலர் வளைவுகளில் நிற்பார்கள். சிலர் தண்ணீர்ப் பந்தலில். கடைசிப் போட்டியாளருக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் பாதையைத் துடைத்துக்கொண்டே வருவதுபோல வருவார். அவருக்குப் பின்னால் யாரும் விடுபட்டிருக்கக் கூடாது.

எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்காவுக்கு முடிவுக் கோட்டில் எண் குறிக்கும் வேலை. புறப்பட்டவர்கள் 61 பேர். வந்தவர்கள் 60. வெற்றி பெற்றவர்களுக்குக் கைதட்டி, கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. பலர் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஓர் எண் குறைகிறது" என்று அக்கா சொன்னபோது, எழுதும்போது விட்டுப் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். அக்கா விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் குறித்த எண்களை வாக்கி டாக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றாவது வளைவு வரை அந்த எண் இருக்கிறது. நான்காவதில் இல்லை!

மணி பதினொன்று. பாறை சுடத் தொடங்கிவிட்டது. மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட பகுதியை இரண்டு பேராகப் பிரிந்து தேடினோம். நாற்பது நிமிடம். ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்தபோது வயிறு கலங்கியதை எழுத்தில் சொல்ல முடியாது. கடைசியில் அவருடைய நண்பரின் போனில் பதில் வந்தது. டயர் பஞ்சராகி, பக்கத்துப் பாதை வழியாக இறங்கி, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். பாதி வழியில் பெட்ரோல் பங்கில் கரக் சாயா குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டோம், அவ்வளவுதான்.

நாற்பது நிமிடம் ஏன் முக்கியம்?

அவர் உண்மையிலேயே விழுந்து கிடந்திருந்தால்? கடும் உழைப்பின்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்குதல், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உழைப்பால் வரும் தாக்குதலில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சுக் குளறுவது, நடை தள்ளாடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது ஆகியவைதான் அடையாளம். தண்ணீர் கொடுக்கும்போதே "பெயர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்கச் சொல்லித் தருவது இதற்காகத்தான்.

சிகிச்சையில் முதலில் குளிர்ச்சி, பிறகுதான் ஆஸ்பத்திரிப் பயணம். அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998 என்று ஒருவர் அழைக்கும்போதே, மற்றவர்கள் அவரைக் கழுத்து வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடல் முழுவதும் நனைத்து, ஈரத்துணியும் ஐஸும் வைத்து விசிற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பும். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரின் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இந்தத் தாக்குதல் வந்தது. முடிவுக் கோட்டருகிலேயே ஐஸ் தொட்டி தயாராக இருந்ததால் 274 பேரும் பிழைத்தார்கள்.

தண்ணீரிலும் அளவு வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடமே இது அதிகம். ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள், போட்டி போட்டுக் குடிக்காதீர்கள். பந்தலில் தண்ணீரோடு பேரீச்சம்பழமும் உப்புப் போட்ட லபனும் வைத்திருந்தோம். நன்றாகப் போணியானது!

விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடிபடுவது காறை எலும்பிலும் மணிக்கட்டிலும். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி இருந்தால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் அன்று சைக்கிளில் ஏற்றக் கூடாது. கழுத்து வலி என்றால் அசைக்கவே கூடாது.

தொண்டரும் மனிதர்தான்

சைக்கிள் ஓட்டுபவருக்குக் காற்றாவது அடிக்கும். ஒரே இடத்தில் ஐந்து மணி நேரம் நிற்பவர் நம்மவர். எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்:

• அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, மடக்கு நாற்காலி, குடை ஆகியவற்றை மறக்காதீர்கள்.

• கழிப்பறை தூரம் என்று பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் அது வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிவிட ஏற்பாடு கேளுங்கள்.

• சர்க்கரை நோயாளிகள் காலை உணவைத் தள்ளிப்போடாமல், இனிப்பு ஏதாவது பையில் வைத்திருக்க வேண்டும்.

• ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• தனியாக நிற்காதீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. அமீரகத்தில் தொண்டுப் பணிக்கென்று 2018இல் சட்டமே வந்திருக்கிறது. எனவே அனுமதி பெற்று நடத்தும் அமைப்பு வழியாக, முறைப்படி பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். நாமே நாலு பேர் சேர்ந்து பந்தயம் நடத்தப் புறப்படுவது சரியல்ல.

எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட அன்று சைக்கிள் மிதிக்கவில்லை. ஆனால் மேடேறி இறங்கி, ரிப்பன் கட்டி, அவிழ்த்து, குப்பை பொறுக்கி முடித்தபோது ஒருவரின் மொபைல் 19,000 அடிகள் காட்டியது. அக்கா இப்போது வாரம் மூன்று நாள் நடக்கிறார். "அடுத்த வருஷம் அந்த நாலாவது வளைவுக்கு நானே ஏறிப் போய்ப் பார்க்கணும்" என்கிறார்.

வரும் குளிர்காலத்துக்கு இன்னும் நான்கு பேர் தேவை. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும்.