சில்லுத் தாங்கியில் சிக்கனம் தகுமா?

ஓடும் பாரவூர்தியிலிருந்து கழன்றோடும் சில்லு எதிரே வருபவரின் உயிரைப் பறிக்கவல்லது. ஆதலால் ரெக்சாஸ் நெடுஞ்சாலையிலோ நியூஜேர்சித் துறைமுகச் சாலையிலோ பாரவூர்தி செலுத்தும் நம்மவர், சில்லின் தாங்கியாகிய பெயாரிங்கை மாற்றும்போது விலையை மட்டும் நோக்கலாகாது.

ஹென்றி ரிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற கூம்புருளைத் தாங்கியின் வழிவந்தவையே இன்றும் பாரவூர்திகளில் பெரிதும் பயன்படுகின்றன. மேலிருந்து அழுத்தும் சுமையையும் திருப்பங்களில் எழும் பக்கவிசையையும் இவை ஒருங்கே தாங்கும்.

பழையதில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டே புதியதைத் தெரிதல் வேண்டும். உட்கூம்பையும் வெளிக்கிண்ணத்தையும் ஒருசேர மாற்றுவதே முறை. தேய்ந்த கிண்ணம் புதிய உருளைகளையும் கெடுத்துவிடும். எண்ணெய் கசியாது காக்கும் வளையமும் புதிதாதல் நன்று. கையால் இறுக்கிச் சரிசெய்யும் அச்சுகளில், பூட்டியபின் எஞ்சும் அசைவு 0.001 முதல் 0.005 அங்குலம் வரையே இருத்தல் வேண்டும். இதனைக் கை அறியாது, அளவுமானியே அறியும்.

சில டொலர்களை மிச்சம் பிடிப்பதற்கு இது இடமன்று என்பதே நாம் வலியுறுத்துவது.