தோற்ற படத்துக்குத் திருவிழா

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'முசேயும் லிஷ்ட்ஷ்பீலே' என்றொரு பழைய தியேட்டர் இருக்கிறது. 1977-ல் அங்கே போட ஆரம்பித்த ஒரு படத்தை இத்தனை ஆண்டுகள் கழித்தும் தூக்கவில்லை. படத்தின் பெயர் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'. 1975-ல் வெளியானபோது லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு தியேட்டரைத் தவிர அமெரிக்காவில் அது எங்கேயும் எடுபடவில்லை. இன்றோ, உலக சினிமாவிலேயே மிக நீண்ட காலம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படம் அதுதான்.

முதல் ரிலீஸில் படுத்துவிட்டு, பிறகு ஒரு கூட்டத்தின் பிடிவாதத்தால் எழுந்து உட்காரும் இத்தகைய படங்களைத்தான் 'கல்ட் கிளாசிக்' என்கிறார்கள். இப்போதெல்லாம் மனதுக்குப் பிடித்த படம் எதுவானாலும் அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. 1995-ல் வந்த 'பாட்ஷா'வை முதல் நாளிலிருந்தே ஊர் கொண்டாடியது. அது மாபெரும் வெற்றிப் படம். கல்ட் வகையில் சேராது. வெற்றிப் படத்துக்கு ஊரே சொந்தக்காரர். கல்ட் படத்துக்குச் சொந்தம் கொண்டாடுபவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கைவிட்டதைக் கண்டெடுத்த கர்வமும், 'அப்பவே சொன்னேன்ல' என்கிற மிதப்பும் அவர்களுக்கு உண்டு.

ஆனால் தோற்ற படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் பிழைப்பது எப்படி? பிழைத்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தென்படும். படத்தைப் பெரிய செலவில்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும். பார்க்கிறவர் பிடித்துக்கொள்ளப் படத்துக்குள்ளேயே ஏதாவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அந்த வழியை முதலில் திறந்தவை நள்ளிரவுக் காட்சிகள். 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரை நடத்திவந்த பென் பேரன்ஹோல்ட்ஸ், அலெஹாந்த்ரோ ஹோடரோவ்ஸ்கியின் 'எல் டோபோ'வை நடு இரவில் போட்டார். துப்பாக்கிச் சண்டையும் ஞானத் தேடலும் கலந்த விசித்திரமான படம். பெரிய விளம்பரம் கிடையாது. வாய்வழியாகவே சேதி பரவி, அடுத்த ஆண்டு ஜூன் வரை ஓடியது. நள்ளிரவுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த வேளையில் அரங்கம் எப்படியும் பூட்டித்தான் கிடக்கும்; சொற்பக் கூட்டம் வந்தாலும் நஷ்டமில்லை. முதல் வார வசூல் எங்கே என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. குடும்பஸ்தர்கள் உறங்கப் போன பிறகு மாணவர்களும் கலைஞர்களும் ஊர்சுற்றிகளும் வருவார்கள். அடுத்த வாரமும் அதே முகங்கள்.

'ராக்கி ஹாரர்' இந்த வழியாகத்தான் திரும்பி வந்தது. 1976 ஏப்ரல் முதல் தேதி, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி தொடங்கியது. கதை இதுதான்: நிச்சயமான ஓர் இளம் ஜோடி, மழை இரவில் கார் டயர் பஞ்சராகி ஒரு மாளிகையில் ஒதுங்குகிறது; அங்கே பெண் உடுப்பு அணிந்த ஒரு விஞ்ஞானி தன் ஆய்வுக்கூடத்தில் கட்டழகன் ஒருவனை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். வசனங்களுக்கு நடுவே படத்தில் நீண்ட இடைவெளிகள் விழும். வழக்கமாக வந்தவர்கள் அந்த மௌனங்களில் திரையைப் பார்த்துப் பதில் கொடுக்கத் தொடங்கினார்கள். நக்கல் பதில்கள் நாளடைவில் மனப்பாடமாகி, மொத்த அரங்கமும் ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தது. திரையில் கல்யாணம் நடந்தால் பார்வையாளர்கள் அரிசி தூவினார்கள். நாயகி மழைக்குச் செய்தித்தாளைத் தலையில் பிடித்தால் இருக்கைகளிலும் செய்தித்தாள்கள் உயர்ந்தன; பின்வரிசைக்காரர்கள் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். பிறகு ரசிகர்களே வேஷம் கட்டித் திரைக்கு முன்னால் நின்று, ஓடும் படத்துக்கு இணையாக முழுக் கதையையும் நடித்தார்கள். இவற்றில் எதையும் இயக்குநர் ஜிம் ஷார்மனோ, மூல நாடகத்தை எழுதிய ரிச்சர்ட் ஓ'பிரையனோ திட்டமிடவில்லை.

சில படங்களுக்கு வழி திறந்தது ஒரு கைத்தவறால். ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் சுமார் 1,14,000 டாலர் செலவில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வேறு தலைப்பு. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையிலிருந்த பதிப்புரிமை அறிவிப்பைப் புதிய அட்டையில் சேர்க்க மறந்துவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தானது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், கேசட் போட்டு விற்கலாம். எடுத்தவர்களுக்குப் பெரும் பண நஷ்டம். ஆனால் செத்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்னும் அந்தக் கதை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்து, ஜாம்பி என்கிற திரைப்பட வகைக்கே அஸ்திவாரமானது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தது தொலைக்காட்சி. சுந்தர் சி. இயக்கி, கமல்ஹாசன் எழுதி நடித்த 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்றது. பிறகு விடுமுறை நாள்களில் டிவியில் மறுபடி மறுபடி வந்தது. டிக்கெட் எடுக்காதவர்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டாத இருவர் புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு ஒன்றாகப் பயணம் செய்யும் அந்தக் கதை அப்படித்தான் இன்றைய மரியாதையைப் பெற்றது.

பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பது இரண்டாவது விஷயம். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ ஈகோ 1980-களில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முழுமையிலிருந்து பிரித்தெடுத்துத் துண்டு துண்டாக நினைவில் வைத்துக்கொள்ளும்படி படம் உடையக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். குறையே இல்லாத படத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஓட்டையும் உடைசலுமான படத்தில்தான் ரசிகனுக்கு வேலை இருக்கிறது.

இதன் உச்சம் 'தி ரூம்'. டாமி வைசோ எழுதி, தயாரித்து, இயக்கி, நாயகனாகவும் நடித்து 2003-ல் லாஸ் ஏஞ்சலீஸில் வெளியிட்ட படம். செலவு 60 லட்சம் டாலர் என்கிறார்கள். காதல் துரோகத்தைச் சொல்லும் சோகக் கதை. ஆனால் தொடங்கும் பிரச்சினைகள் பாதியில் காணாமல் போகும். நடிப்போ கேட்கவே வேண்டாம். நாயகன் வீட்டு வரவேற்பறையில் ஒரு போட்டோ சட்டம் இருக்கும். அதற்குள் இருப்பது ஒரு ஸ்பூனின் படம். ஏன் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு ரசிகர் கூட்டம் அதைக் கவனித்துவிட்டது. அந்தச் சட்டம் திரையில் தெரியும்போதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் அரங்கத்தில் பறக்கத் தொடங்கின. ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்த வைசோ, பின்னாளில் அதை நகைச்சுவைப் படமென்றே விளம்பரம் செய்தார்.

மோசமான படம்தான் இப்படி ஆகும் என்றில்லை. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது முதல் பாதியின் சாகசத்தை ரசித்தவர்கள் இரண்டாம் பாதியில் திணறினார்கள். பழந்தமிழ் நடையில் பேசும் சோழர் கூட்டமும், நல்லவர் யார் கெட்டவர் யார் என்று பிடிகொடுக்காத முடிவும் ஒரே தடவையில் செரிக்கவில்லை. அதே திணறல்தான் பிறகு பலரை மறுபடி பார்க்க வைத்தது. வசனத்துக்குப் பொருள் சொல்வதும், விடுபட்ட முடிச்சுகளுக்கு விளக்கம் தேடுவதும் ரசிகர்களின் பொழுதுபோக்கானது. 2021 டிசம்பர் 31-ல் படம் மறுபடி திரைக்கு வந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகு, கல்ட் படத்தைத் திட்டம் போட்டே எடுத்துவிடலாமே என்று தோன்றும். 'ராக்கி ஹாரர்' குழுவே அதை முயன்று பார்த்தது. அதே ஷார்மன், அதே ஓ'பிரையன், பழைய நடிகர்கள் சிலருடன் 1981-ல் 'ஷாக் ட்ரீட்மென்ட்' வந்தது. சாதாரண ரிலீஸ் வேண்டாமென்று நேராக நள்ளிரவுக் காட்சிகளுக்கே அனுப்பினார்கள். கண்டெடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. ரசிகனுக்கான இடத்தைத் தயாரிப்பாளரே முன்கூட்டி நிரப்பிவிட்டார். படம் ஓடவில்லை. தமிழிலும் இதே கேள்வி எழுகிறது. 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டாம் பாகம் வரப்போவதாக 2021 புத்தாண்டு அன்று தனுஷின் பெயரோடு அறிவிப்பு வந்தது. முதல் பாகம் வந்தபோது அதற்காகக் காத்திருந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க அப்படியொரு கூட்டம் இருக்கவில்லை. இரண்டாம் பாகம் வந்தால், அந்தக் கூட்டம் அதை முதல் காட்சியிலேயே எதிர்கொள்ளும்.