கடற்கரைக்குப் போகப் பட்டம் எது?

(வானொலியில் நிகழ்த்திய உரை)



விதைக்கப் பட்டம் பார்க்கிறோம். நாற்று நட நாள் பார்க்கிறோம். ஆனால் குடும்பத்தோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று கடற்கரைக்குக் கிளம்பும்போது மட்டும், “பிள்ளைகளுக்கு லீவு விடட்டும், போய்ட்டு வருவோம்” என்று இருந்துவிடுகிறோம். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குக் கடலின் போக்கு பழக்கமில்லை. பயிருக்கு இருப்பதைப் போலவே கடலுக்கும் பட்டம் உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இப்போது போய்வருவதும் முன்னைவிடச் சுலபம். 2023ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் போடிக்கு அகலப் பாதையில் மறுபடியும் ரயில் வருகிறது. பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆகவே சிலமலையிலிருந்து போடிக்கு வந்து ரயிலேறினால், மதுரையில் வண்டி மாறி ராமேஸ்வரம் போய்ச் சேரலாம். வழி இருக்கிறது. எப்போது போவது என்பதுதான் கேள்வி.

இரண்டு காற்று, இரண்டு கடல்

ராமேஸ்வரம் ஒரு தீவு. அதன் வடக்கே இருப்பது பாக் ஜலசந்திக் கடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடப்பதால் மீனவர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். தென்கடல் அலையடிக்கும் கடல். அது ஆண் கடல். இரண்டும் சேருகிற முனைதான் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை.

ஆனி, ஆடியில் நம் ஊரில் வாழையைச் சாய்க்கிற மேல்காற்றை உங்களுக்குத் தெரியும். கேரளப் பக்கமிருந்து ஏறிவரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஏல மலையில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வெறுங்காற்றாக இறங்குகிறது. அந்தப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கத் தொடங்கினால் வடகடலுக்கு வேகம் வந்துவிடும். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் கடைசி வரை நீடிக்கும். ராமநாதபுரம் சீமைக்கு வருடத்தில் பெரிய மழை இதுதான். வங்கக் கடலில் புயல் உருவாகிற காலமும் இதுதான்.

“கார்த்திகையோடு மழை முடிஞ்சிருமே, மார்கழியில் போனால் என்ன?” என்று கேட்கலாம். 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது டிசம்பர் 22ஆம் தேதி இரவில். அது மார்கழி முதல் வாரம். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அத்தனை பேரோடும் அலையில் போய்விட்டது. ஊர் பிறகு எழவேயில்லை. 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் முதல் வாரத்தில் இலங்கையைத் தாண்டி வந்து, பாம்பன் பக்கம் நகராமல் நின்று மழை கொட்டியது. எனவே மார்கழி கழியட்டும்.

புயலைக் கடலோரத்துக்காரர் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாட்களில் நீங்கள் வீட்டில், தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலும் அது ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடக்கிற காலம். பழுத்த காயைச் செடியில் விட்டால் வெடித்து வீணாகும். பறிப்புக்குப் போகிறவர்களுக்கோ கூலி நஷ்டம்.

சித்திரை, வைகாசியில் என்ன?

பள்ளி விடுமுறை என்று பலரும் கிளம்புவது இப்போதுதான். கடல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மணல் நெருப்பாகச் சுடும். தனுஷ்கோடிப் பக்கம் ஒதுங்க நிழல் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஏறக்குறையச் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் முழுதாக அடங்கிவிடுகிறது. நாட்டுப் படகு மீன் மட்டுமே வரும், விலையும் கூடுதலாக இருக்கும். நம் பக்கத்திலோ மாங்காய் அறுவடை நேரம். தோட்டத்தை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆனி முதல் புரட்டாசி வரை

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது நமக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசைக்கு முன்னோர் கடன் செய்யப் போகிறவர்கள் போகத்தான் வேண்டும், தடுக்கவில்லை. அவர்கள் தென்கடல் பக்கம் இறங்காமல், அக்னி தீர்த்தக் கரையோடு நீராடிவிட்டுத் திரும்புவது நல்லது. கூட்டம் மிகுதியாக இருக்கும். கைக்குழந்தைகளையும் நடக்க முடியாத பெரியவர்களையும் அழைத்துப் போக வேண்டாம்.

ஏற்ற பட்டம்: தை பிற்பாதியும் மாசியும்

“தை பிறந்தால் வழி பிறக்கும்” என்பது பயணத்துக்கும் பொருந்தும். தை முதல் பாதியில் வாடை கொஞ்சம் மிச்சமிருக்கும். பிற்பாதியில் அடங்கத் தொடங்கும். மாசியில் இரண்டு கடலும் சாதுவாக இருக்கும். வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். தனுஷ்கோடிப் பக்கத்துத் தேங்கு நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்த இடத்தை 2025ஆம் ஆண்டில் அரசு சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

கருவாடு வாங்கவும் இதுதான் தருணம். நல்ல வெயிலில் காய்ந்த சரக்கு கிடைக்கும். மழைக்காலக் கருவாட்டில் ஈரம் நிற்கும், வீட்டில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நம் வேலைக்கும் இது ஒத்து வருகிறது. ஏலக்காய்ப் பறிப்பு பெரும்பாலும் முடிந்து கையில் நாலு காசு இருக்கும். மாமரம் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். பூங்கொத்து வருகிற நேரம் இது. தத்துப்பூச்சி இருக்கிறதா என்று கொத்தைத் தட்டிப் பாருங்கள். இருந்தால், பூ விரியுமுன்னே மருந்து அடித்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பூ விரிந்தபின் அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் செத்து, காய்ப்பு குறையும்.

தை அமாவாசை, மகா சிவராத்திரி நாட்களில் ராமேஸ்வரத்தில் நிற்க இடமிருக்காது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் நினைவில் வைக்க வேண்டியவை

முதலாவது, எந்த மாதமானாலும் முதல்நாள் வானிலைச் செய்தியைக் கேளுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று சொன்னால், எத்தனையாம் நம்பர் கூண்டு என்று ஆராய்ச்சி வேண்டாம். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள். கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்கு “எனக்குத் தெரியாத நீச்சலா?” என்று தோன்றும். கண்மாய்த் தண்ணீர் நின்ற தண்ணீர். இரண்டு கடல் நீரோட்டம் சேருகிற இடத்தில் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். அங்கே நீச்சல் உதவாது.

மூன்றாவது, குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். பொழுது சாய்வதற்குள் தனுஷ்கோடியிலிருந்து திரும்பிவிடுங்கள்.

நான்காவது, பவளத் துண்டை யாராவது விற்றால் வாங்காதீர்கள். கரையில் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஐந்தாவது, சுனாமிக்கு மட்டும் பருவம் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று அது வந்தது வெயிலடித்த காலை நேரத்தில். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

பட்டம் தவறி விதைத்தால் ஒரு போகம்தான் போகும். கடலில் பட்டம் தவறினால் போவது உயிர். ஆகவே தை பிற்பாதியிலோ மாசியிலோ ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் போய், சந்தோஷமாக ஊர் திரும்புங்கள்.