வங்கி பிடித்த வரி திரும்பி வருமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. சாலை அகலப்படுத்த அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். வந்த இழப்பீட்டில் 20 லட்ச ரூபாயை மகள் கல்யாணத்துக்காக வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தார். மீதி நிலத்தில் நெல்லும் உளுந்தும் போடுகிறார்.

"ஐயா, வட்டி ஏழு சதவீதம்னு சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரணும். ஆனா பதினாலாயிரம் குறையுது. கேட்டா 'வரி பிடிச்சாச்சு'ங்கிறாங்க. விவசாயிக்குத்தான் வரியே கிடையாதே?" என்றார்.

"எத்தனை வருஷமா பிடிக்கிறாங்க?"

"2023-ல பணம் போட்டேன். மூணு வருஷமாச்சுங்க. சர்க்காருக்குப் போன காசு, விட்டுத் தள்ளுனு மகன் சொல்லிட்டான்."

மூன்று வருஷத்துக்கு 42,000 ரூபாய்! ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. இவர் அளக்காமலே விட்டிருக்கிறார். அந்தப் பணம் சர்க்காருக்குச் சேர வேண்டியதே இல்லை. அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். எப்படி என்று பார்ப்போம்.

பிடித்தம் என்பது முன்பணம்தான்

அறுவடை இயந்திரம் வைக்கிறோம். இரண்டு மணி நேரம் ஆகும் என்று மதிப்புப் போட்டு ஐயாயிரம் முன்பணம் கொடுக்கிறோம். வேலை ஒன்றரை மணியில் முடிந்தால் மீதியைத் திருப்பி வாங்குகிறோம். இரண்டரை மணி ஆகிவிட்டால் கூடுதலைக் கொடுக்கிறோம். திருப்பிக் கொடுப்பதால் இயந்திரக்காரர் நமக்கு இனாம் தருவதாக ஆகாது. கூடக் கேட்பதால் அபராதம் போட்டதாகவும் ஆகாது. கணக்கு நேராகிறது, அவ்வளவுதான்.

வரிப் பிடித்தமும் இப்படித்தான். 'டி.டி.எஸ்.' என்று வங்கியில் சொல்வார்கள். உங்களுடைய மொத்த வருமானம் என்ன என்று வங்கிக்குத் தெரியாது. வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்து உங்கள் பெயரில் வரித்துறைக்கு அனுப்பிவிடும். 2025-26 நிதியாண்டுக்கு அந்த வரம்பு சாதாரணமானவர்களுக்கு ரூ. 50,000, அறுபது வயது நிறைந்தவர்களுக்கு ரூ. 1,00,000. பான் எண் கொடுக்காதவர்களுக்குப் பிடித்தம் இருபது சதவீதம். பெரியவர் பான் எண் கொடுக்காமல் இருந்திருந்தால் வருஷத்துக்கு 28,000 போயிருக்கும்.

வருஷம் முடிந்ததும் "என் மொத்த வருமானம் இவ்வளவு, எனக்கு வரி இவ்வளவு, ஏற்கெனவே பிடித்தது இவ்வளவு" என்று நாம் கணக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் ரிட்டர்ன் தாக்கல். கணக்கைக் கொடுக்காதவருக்கு மீதி தானாக வீடு தேடி வராது.

நெல்லுக்கு வரி இல்லை, வட்டிக்கு உண்டு

பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. நெல், கரும்பு, தேங்காய், வாழை இவற்றை விளைவித்து விற்ற வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. நாற்றுப் பண்ணையில் கன்றுகள் வளர்த்து விற்றாலும் அது விவசாய வருமானம்தான். சாகுபடி நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுக்கும் இழப்பீட்டிலும் வரிப் பிடித்தம் இல்லை. ஆனால் அந்தப் பணம் வங்கிக்குள் போய் ஈட்டுகிற வட்டி, விவசாய வருமானம் ஆகாது. நிலம் கொடுத்த காசுதானே என்றால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. பால் மாடு, கோழிப் பண்ணை வருமானமும் விவசாய வருமானத்தில் சேராது. இது பலருக்குத் தெரியவில்லை.

இப்போது பெரியவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டி 1,40,000. வேறு வருமானம் சாகுபடி மட்டும். 2025-26-க்கான புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. ஆகவே அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்தது 14,000. வர வேண்டியதும் 14,000. முழுசும் அவருடையது.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் ரிட்டர்னில் அதைக் காட்டத்தான் வேண்டும். மற்ற வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டி, விவசாய வருமானமும் ஐயாயிரத்தைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்ப்பதற்கு விவசாய வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதனால் பட்டா, சிட்டா, அடங்கல், விற்ற சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். விவசாய வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்றும் எழுத வேண்டும்.

கூடக் கட்ட வேண்டி வருவது எப்படி?

எல்லாருக்கும் திரும்பித்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

மகன் வருஷத்தின் முதல் பாதியில் ஒரு கம்பெனியில் ஐந்து லட்சம் சம்பளம் வாங்குகிறான். பிறகு வேறு கம்பெனிக்கு மாறி, மீதி ஆறு மாதத்தில் பத்து லட்சம் வாங்குகிறான். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லவில்லை. நிலைக்கழிவு 75,000 போக வருமானம் பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. ஆகையால் இரண்டு கம்பெனிக்காரர்களும் தனித்தனியே பார்த்து, ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. கையில் முழுச் சம்பளம். பிள்ளைக்குச் சந்தோஷம்.

ரிட்டர்ன் போடும்போது இரண்டும் சேர்ந்து பதினைந்து லட்சம். நிலைக்கழிவு 75,000 ஒரு தடவைதான். மீதி 14,25,000. இதில் முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த நான்கு லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. ஆக 93,750. அதன் மேல் 4 சதவீதம் தீர்வை 3,750. மொத்தம் ரூ. 97,500. முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டியும் சேரும்.

"அரசாங்கம் திடீர்னு ஒரு லட்சம் கேக்குது"ன்னு பிள்ளை பதறுவான். யாரும் திடீரென்று கேட்கவில்லை. மாதாமாதம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டியது, ஒரேயடியாக வந்து நிற்கிறது. வேலை மாறிய அன்றே பழைய சம்பள விவரத்தைப் புதிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. கையில் முழுசாக வந்த காசையெல்லாம் செலவழித்துவிட்டு ஜூலையில் நகையை அடகு வைக்கிற நிலைமை வரக்கூடாது. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

திரும்பப் பெற என்ன செய்வது?

முதலில் வங்கியில் வரிப் பிடித்தச் சான்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் எவ்வளவு வரவாகியிருக்கிறது என்பது வரித்துறை இணையதளத்தில் 26ஏ.எஸ். என்ற படிவத்தில் தெரியும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வங்கி பிடித்தும் அங்கே வரவாகவில்லை என்றால், வங்கியில் போய்ப் பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து தப்பினாலும் உங்கள் பணம் வேறு இடத்தில் போய் நிற்கும்.

இரண்டாவது, பான் அட்டையை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் இணையதளத்தில் பதிந்து சரிபார்க்க வேண்டும். பான் அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர் என்றிருந்தால் பணம் வழியில் நின்றுவிடும்.

மூன்றாவது, சரியான படிவம். விவசாய வருமானம் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தால் சுலபமான முதல் படிவம் பொருந்தாது. பெரியவரைப் போன்றவர்களுக்கு ஐ.டி.ஆர்.-2. பால், கோழி என்று தொழில் வருமானம் உள்ளவர்களுக்குப் படிவம் வேறு. ஒரு நல்ல ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நான்காவது, கெடு. பெரியவர் போன்றவர்களுக்கு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை காலதாமத ரிட்டர்ன் போடலாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் வழியாக அதை உறுதி செய்ய வேண்டும். அதை மறந்தால் போட்ட ரிட்டர்ன் போடாததற்குச் சமம். கெடுவுக்குள் போட்டவருக்குத் திரும்ப வரும் பணத்துக்கு ஏப்ரல் முதல் மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு. அந்த வட்டியை அடுத்த வருஷ வருமானத்தில் காட்ட வேண்டும்.

பெரியவரின் 2025-26 பணத்துக்கு இந்த வழி. அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களுக்கு டிசம்பர் கெடுவும் தாண்டிவிட்டது. அதற்கும் கதவு முழுசாக மூடவில்லை. 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி காரணம் காட்டி வரித்துறை ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம். காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால்தான் பணம். தாமதித்துக் கேட்கும் பணத்துக்கு வட்டியும் கிடையாது. 28,000 ரூபாயைக் கையில் வாங்க இப்போது அவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டு காத்திருக்கிறார். காலத்தில் செய்திருந்தால் ஒரு நாள் வேலை.

பிடிக்காமலே இருக்க வழி

வரியே வராத வருமானம் என்று தெரிந்தால், வருஷத் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடலாம். 2026 மார்ச் வரை அதற்கு 15ஜி என்றும், அறுபது நிறைந்தவர்களுக்கு 15எச் என்றும் பெயர். 2026 ஏப்ரல் முதல் 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை. ஆகவே எண்ணைப் பார்க்காமல், "வட்டியில் வரி பிடிக்காம இருக்கக் குடுக்கிற படிவம் கொடுங்க" என்று கேளுங்கள். ஒரு தடவை கொடுத்தால் எப்போதைக்கும் போதும் என்று இருக்காதீர்கள். வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். வரி வரும் என்று தெரிந்தும் பொய்யாக இதைக் கொடுப்பது குற்றம்.

இரண்டு எச்சரிக்கை

"இருபதாயிரம் வாங்கித் தர்றேன், அதுல கால் பங்கு எனக்கு" என்று சிலர் வருவார்கள். கட்டாத காப்பீடு, கொடுக்காத நன்கொடை எல்லாவற்றையும் எழுதி ரிட்டர்ன் போடுவார்கள். பணம் வரும்போது இனிக்கும். பின்னால் பொய் என்று தெரிந்தால் ஏய்த்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். அப்போது அந்த ஆள் ஊரில் இருக்க மாட்டார். பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துக்கு உரிய நீங்கள்தான்.

இன்னொன்று, "உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, இங்கே தொடுங்கள்" என்று கைபேசியில் வரும் செய்தி. தொடாதீர்கள். வரித்துறை உங்கள் ஏ.டி.எம். எண்ணையோ ரகசிய எண்ணையோ கேட்காது. பணம் நீங்கள் பதிந்த வங்கிக் கணக்குக்கு நேராக வரும்.

அந்தப் பெரியவர் புறப்படும்போது சொன்னார்: "வயல்ல ஒரு மடை உடைஞ்சா ராத்திரியே எழுந்து போய் அடைப்பேன். இது மூணு வருஷமா ஒழுகியிருக்கு, பாக்கலையே!"

உங்கள் வங்கிப் புத்தகத்தையும் இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். வட்டி வரவுக்குப் பக்கத்தில் பிடித்தம் என்று இருந்தால், ஜூலைக்கு முன் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். வர வேண்டியது இருந்தால் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டியது இருந்தால் கெடுவுக்குள் கட்டுங்கள்.